பிபி பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்: செவிலியர் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வார்டிலும் பிறகு செவிலியர் கல்லூரியிலும் நெடுங்காலம் பணியாற்றியவள் நான். முதன்முதலாக நோயாளியின் அருகே போய் நிற்கும் மாணவ மாணவியர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். வரையறைகளை நீங்களே படித்துக்கொள்வீர்கள். படுக்கையருகே கை என்ன செய்ய வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

மேடம், ஒரே நோயாளிக்கு என் தோழி பிபி பார்த்தால் 160 வருகிறது, எனக்கு 130தான் வருகிறது. என் காதில் கோளாறா? (முதலாண்டு மாணவி)

காதில் ஒன்றுமில்லை. நீங்கள் கையில் சுற்றும் பட்டையான கஃபில் காற்றைப் போதுமான அளவு ஏற்றாமல் இருந்திருக்கலாம். காற்றை இறக்கும்போது முதல் ஒலி கேட்கும் எண்தான் பிபியின் மேல் எண். ரத்த அழுத்தம் அதிகமுள்ள சிலருக்கு அந்த ஒலி கேட்டபின் இடையில் ஒலி மறைந்து, கீழே இறங்கும்போது மறுபடி கேட்கும். அந்த இடைவெளியிலிருந்து தொடங்கினால் இரண்டாவது ஒலியை முதல் ஒலியென்று எழுதிவிடுவீர்கள்.

ஆகவே முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்றுங்கள். நாடி எந்த எண்ணில் மறைகிறது என்று பார்த்துவிட்டு முழுவதும் இறக்குங்கள். சற்று நேரம் விட்டு, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் 1905இல் சொன்ன ஒலிகளைத்தான் இன்றும் கேட்கிறோம். அவசரமாக இறக்குகிறவர்களுக்கு அவை பிடிபடுவதில்லை.

ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகள் மூக்கின் பக்கம் சாய்ந்திருக்கட்டும். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் துடிப்பை விரலால் கண்டுபிடித்த பிறகே அதை வையுங்கள். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கஃப் கட்டாதீர்கள். பருமனான கைக்குச் சிறிய கஃப் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள்.

மூச்சு எண்ணிக்கையை யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. “18 என்று போடு” என்கிறார்கள். நானும் போட்டுவிடலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே நான் காத்திருந்தேன்.

ஒரு நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். தொற்று ரத்தத்தில் பரவினாலோ, சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் அமிலம் கூடினாலோ, உடல் அதைச் சரிக்கட்ட மூச்சை வேகப்படுத்தும். அந்த நேரத்தில் ரத்தத்தின் ஆக்ஸிஜனை விரலில் அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 97 என்று நல்லபடியாகவே காட்டக்கூடும். பிபியும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கக்கூடும். எல்லா எண்ணும் சரியாக இருப்பதாகத் தோன்றும் அந்த மணி நேரத்தில் உண்மையைச் சொல்லும் எண்ணை “18” என்று மூடிவைத்தால், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். பிரிட்டனில் 2012இல் வந்த முன்னெச்சரிக்கை மதிப்பீட்டு முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலே, மூச்சுக்குரிய உச்ச ஆபத்து மதிப்பெண்ணான 3 கொடுக்கிறார்கள்.

எண்ணும் முறை எளிது. “மூச்சை எண்ணப் போகிறேன்” என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்து முடித்த பிறகும் விரலை எடுக்காமல், அவர் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்து, ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். அந்த நிமிடத்தில் இன்னும் நிறையத் தெரியும். கழுத்துத் தசை இழுக்கிறதா? மூக்குத் துளை விரிகிறதா? மகளிடம் பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறாரா? பெரியவர்களுக்கு இயல்பு 12 முதல் 20 வரை. எண்ணாத எண்ணை எழுதவே எழுதாதீர்கள். நேரமில்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

நான் ஆண் மாணவன். பெண் நோயாளிகளின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவே தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் நல்லதுதான் தம்பி, மரியாதை தெரிந்தவருக்குத்தான் அது வரும். ஆனால் அதற்காகச் சேலைக்கு மேலேயே வைத்துக் கேட்டால் துணி உரசும் ஒலிதான் கேட்கும். பெண் செவிலியரையோ சக மாணவியையோ உடன் வைத்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, “அம்மா, முதுகில் மூச்சு ஒலி கேட்க வேண்டும், வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முதுகுப் பக்கமே நுரையீரலின் பெரும்பகுதியைக் கேட்டுவிடலாம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வயிற்றுப் பரிசோதனையில் மட்டும் வரிசை மாறுவது ஏன்?

மற்ற இடங்களில் பார்த்து, தொட்டு, தட்டி, கேட்பது வழக்கம். வயிற்றில் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும். அழுத்தினால் குடலின் ஒலி மாறிவிடக்கூடும். வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுங்கள். தொடும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும்.

நோயாளிகள் சொல்வதை மருத்துவக் குறிப்பாக எப்படி மாற்றுவது?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள், அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். “வாய்வு பிடித்திருக்கிறது” என்று ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னால், அதை ‘வாயுத் தொல்லை’ என்று எழுதுவது ஆபத்து. வியர்க்கிறதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று கேட்டு, உடனே இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் அசதியாகவோ மூச்சுத் திணறலாகவோ வரலாம். அதேபோல், “மெட்டி இறுக்குகிறது” என்று ஓர் அம்மா சொன்னால் குனிந்து கணுக்காலை அழுத்திப் பாருங்கள். வீக்கத்தைப் பல நேரம் நமக்கு முன்னால் நகைதான் கண்டுபிடிக்கிறது.

கிளாஸ்கோ கோமா அளவுகோலில் மொத்த எண்ணை மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று அளக்க, 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற மருத்துவர்கள் இருவரும் கிளாஸ்கோவில் உருவாக்கியது அது. அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே 10 வெவ்வேறு நோயாளிகளுக்கு வெவ்வேறு பொருள் தரும். பாட்டிக்கு ஆங்கிலத் தேதி தெரியாவிட்டால் குழப்பம் என்று எழுதிவிடாதீர்கள். ஆடியா ஆவணியா என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார். வடமாநிலத் தொழிலாளி தமிழில் பதில் சொல்லவில்லை என்பதற்காகப் பேச்சில் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். அவருடன் வந்தவரை அழைத்து, அவர் மொழியில் கேட்கச் சொல்லுங்கள்.

நீர் வரவு-செலவுக் கணக்கு ஒருநாளும் சரியாக வருவதில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில் தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். கஞ்சி, இளநீர், மாத்திரைக்குக் குடித்த தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். துணைக்கு இருப்பவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, டம்ளருக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இரவில் டாக்டரை அழைக்கப் பயமாக இருக்கிறது. என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கே விஷயங்களைச் சொல்லுங்கள்: இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இப்படி: “டாக்டர், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு, 12ஆம் படுக்கை. மூச்சு 28, நாடி 118, பிபி 100/60. குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். மாலையில் மூச்சு 18 இருந்தது. தொற்று பரவுகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.” மாணவியாக இருக்கும்வரை பொறுப்பு சிஸ்டரிடம் முதலில் இதே வரிசையில் சொல்லிப் பழகுங்கள். போனிலேயே டாக்டர் மருந்து சொன்னால், பெயரையும் அளவையும் திரும்பச் சொல்லிச் சரிதானா என்று கேட்டு, நேரத்தோடு எழுதுங்கள்.