ஏமியபிள், அமிக்கபிள்: எதை எங்கே எழுதுவது?

வணக்கம். உடன் பணியாற்றியவருக்கு எழுதிய ஆங்கிலப் பரிந்துரைக் கடிதத்தில் அவரை 'அமிக்கபிள்' (amicable) என்று குறிப்பிட்டதை மேலாளர் ஏன் அடித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். ஒருவருடைய இனிய சுபாவத்தைச் சொல்ல 'ஏமியபிள்' (amiable) வேண்டும். 'அமிக்கபிள்' பெரும்பாலும் இரு தரப்புக்கு இடையே நடப்பதைக் குறிக்கும்: சுமுகமான உடன்பாடு, பேச்சுவார்த்தை, சண்டையில்லாத மணவிலக்கு.

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. லத்தீனில் 'அமிக்குஸ்' என்றால் நண்பன். (நீதிமன்றச் செய்திகளில் வரும் 'அமிக்கஸ் கியூரி', அதாவது வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் 'நீதிமன்ற நண்பர்', என்பதிலும் இருப்பது இதே நண்பர்தான்.) அதிலிருந்து பிறந்த 'அமிக்காபிலிஸ்' பழைய பிரெஞ்சுக்குள் போய், நடுவிலிருந்த ககர ஓசையை இழந்து, 14ஆம் நூற்றாண்டில் 'ஏமியபிள்' ஆக ஆங்கிலத்துக்கு வந்தது. வழியில், 'அன்புக்குரிய' என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் சாயலும் அதன்மேல் படிந்தது. ஆளை வருணிக்க அது இவ்வளவு பொருந்துவதற்கு அந்தச் சாயலே காரணம் என்பது என் எண்ணம். 'அமிக்கபிள்' பிற்பாடு லத்தீனிலிருந்து நேராக எடுக்கப்பட்டது, அதனால் ககரம் அப்படியே நிற்கிறது.

சொல்லை மாற்றுங்கள். கூடவே, அவர் புதியவர்களிடம் எப்படிப் பழகினார் என்று ஒரு வரி சேருங்கள். கடிதத்தைப் படிப்பவருக்கு அதுதான் மனத்தில் நிற்கும்.