கடலுக்கடியில் ஐந்து நிமிடம், 4,400 ரூபாய்

விடுமுறை முடிந்த கையோடு வரும் கடிதங்களில் இம்முறை கோவாதான் அதிகம். நாலைந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் நானும் கணவரும் கோவா போனோம். பாகா கடற்கரையில் ஒருவர் ஆல்பத்தோடு வந்தார். கிராண்ட் ஐலண்டுக்குப் படகு, ஸ்கூபா, பாராசெயிலிங், ஜெட் ஸ்கி, டால்பின், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,200 என்றார். ஜிபேயில் 4,400 அனுப்பினோம். ஸ்கூபா என்று தண்ணீருக்குள் இறக்கியது ஐந்து நிமிடம்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவ்வளவே. வீடியோவுக்குத் தனியாக 500 கேட்டார்கள். பில் கேட்டதற்குச் சிரித்தார்கள். கணவருக்கு ஆஸ்துமா உண்டு, அதை யாரும் விசாரிக்கவே இல்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? (மதுரை வாசகி)

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சு, மேலே வர வர இரண்டு பங்காக விரியும். ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். அதனால்தான் ஒழுங்கான ஸ்கூபா கடையில் காசு வாங்குவதற்கு முன்னாலேயே உடல்நிலைப் படிவம் ஒன்றை நீட்டுவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று எதற்காவது 'ஆம்' என்று எழுதினால் டாக்டர் சான்று இல்லாமல் இறக்க மாட்டார்கள். படிவம் நீட்டாத இடத்தில் ஐந்து நிமிடத்தில் மேலே ஏற்றிவிட்டார்களே என்று நான் நிம்மதிதான் பட்டேன். சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை முங்கினால் 12 மணி நேரம், பல முறை முங்கினால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். காலையில் ஸ்கூபா, மாலையில் ஃப்ளைட் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி பணம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன சேவையைச் சொன்னபடி தராதது சேவைக் குறைபாடு. பில் கொடுக்காததே தனியாக ஒரு முறைகேடு. சட்டம் அதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். நாலாயிரம் ரூபாய் விவகாரங்கள் பலவும் அந்த அளவிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவாவுக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு தரலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதுதான் கெடு.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யார் மேல் போடுவீர்கள்? ஆல்பக்காரர் ஏஜென்ட், படகு இன்னொருவருடையது, தண்ணீரில் இறங்கியவர் மூன்றாமவர். பில் இருந்தால் பெயரும் முகவரியும் இருக்கும். இப்போது உங்களிடம் இருப்பது ஜிபேயில் காட்டும் பெயரும் பரிவர்த்தனை எண்ணும்தான். அவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏஜென்டோடு பேசிய வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். படகில் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், பதிவு எண் எங்காவது தெரியலாம். 'சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அதனால் வழக்குப் போடும் உரிமை பறிபோகாது.

அடுத்த முறை விலையைக் கேட்காதீர்கள், நிமிடத்தைக் கேளுங்கள். தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்? எத்தனை மீட்டர்? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஜெட் ஸ்கி எத்தனை நிமிடம்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஐந்து விளையாட்டு ஒரே விலை என்றாலே ஒவ்வொன்றும் ஒரு வாய்தான் பரிமாறுவார்கள். நிஜமாகவே கடலடி பார்க்க ஆசை என்றால், கர்நாடகத்தில் முருடேஸ்வரத்துக்கு எதிரே இருக்கும் நேத்ராணித் தீவில் தண்ணீர் இதைவிடத் தெளிவு. அந்தமான் அதற்கும் மேலே, செலவும் மேலே.

கேள்வி: ஜூலையில் கோவா பாதி விலை, வாட்டர் ஸ்போர்ட்ஸும் தூத்சாகர் ஜீப் சவாரியும் இலவசம் என்று விளம்பரம் வந்தது. பதிவு செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: அறை வாடகைக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். ஜூன் தொடங்கி செப்டம்பர் நடு வரை கடல் விளையாட்டுகளை அரசே நிறுத்தி வைக்கும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும், உயிர்காப்பாளர்கள் முழங்கால் ஆழத்துக்கு மேல் விடுவது சந்தேகம். தூத்சாகர் அருவி பால் பொங்குவது போலக் கொட்டுவது மழைக்காலத்தில்தான், பக்கத்து ஊரான குளெமிலிருந்து அருவிக்குப் போகும் ஜீப்புகள் நிற்பதும் அதே மழைக்காலத்தில்தான். விளம்பரத்தில் போடும் படத்தைப் பார்த்தீர்களா? ஜீப் போகாத மாதத்தில் எடுத்தது.

ஜூலையில் நிஜமாகக் கிடைப்பது வால்பாய் பக்கம் மகதாயி ஆற்றில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகுச் சவாரி. ஆறு நிறைந்து ஓடும் அந்த மாதங்களில் மட்டும்தான் அது உண்டு. அதைத் தருவதாக எழுதித் தந்தால் யோசிக்கலாம்.

கேள்வி: கோவாவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம், மற்றவர்களைவிட நூறு ரூபாய் குறைவு. வழியில் போலீஸ் நிறுத்தி, வெள்ளை நம்பர் பிளேட் என்று அபராதம் போட்டார்கள். ஸ்கூட்டர்காரரிடம் கேட்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கேட்கலாம், கொடுப்பாரா என்பது வேறு. வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. அபராதத்தை விடுங்கள், விபத்து நடந்திருந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க அதுவே போதும். நூறு ரூபாய் குறைந்ததன் காரணம் அதுதான். ஒரிஜினல் அடையாள அட்டையை அடகு வைப்பது போலக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள், கீறல் சண்டைக்கு அது ஒன்றுதான் மருந்து.

கேள்வி: கடற்கரைக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன் போதுமா, 50 வாங்கவா? விலை இரட்டிப்பாக இருக்கிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: 30 என்பது வெயில் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு இரட்டை விலை வேண்டாம். டப்பாவில் பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி (யு.வி.ஏ. கதிரைத் தடுக்கும் அளவு அது, கூடினால் நல்லது), தண்ணீரில் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைப் பாருங்கள். உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்கே 30 மி.லி. வேண்டும், இரண்டு மணிக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும். 50 மி.லி. டியூப் ஒருவருக்கு ஒரு காலைக்குக்கூடக் காணாது. முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கினால் பாதிச் செலவு மிச்சம். டியூபை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டாதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து கெட்டுப்போகும்.