தேவனே இரட்சிக்கிறார் என்றால் நாம் ஏன் சுவிசேஷம் சொல்ல வேண்டும்?

"யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் முன்பே தெரிந்துகொண்டுவிட்டார், அதாவது தேர்ந்தெடுத்துவிட்டார் என்றால், நாங்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வதில் என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் "தெருத்தெருவாக" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் ஏதோ ஒரு வாலிபர் ஊழியக் குழுவில் இருக்கிறீர்கள், களைத்துப் போயிருக்கிறீர்கள். நானும் அப்படி இருந்தவன்தான்.

எனக்கு அப்போது 23 வயது. பாளையங்கோட்டையில் ஒரு ஜெபக்குழு. சனிக்கிழமை வீடு சந்திப்பு, ஞாயிறு மதியம் கைப்பிரதி ஊழியம். மாதக் கடைசியில் ஒரு நோட்டில் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்: எத்தனை கைப்பிரதி கொடுத்தோம், எத்தனை பேரிடம் பேசினோம், எத்தனை பேர் தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார்கள்.

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். காலேஜுக்கு நான் போட்டுப்போன பேண்ட் எல்லாம் அவர் தைத்ததுதான். அவரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். தினமும் பழகுகிறவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கூச்சம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கவில்லை. ராத்திரி நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். குழுத் தலைவர் எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து, நான் எச்சரிக்காமல் விட்டதால் அண்ணாச்சியின் இரத்தப்பழி என் கையில் கேட்கப்படும் என்றார். அப்புறம் அடுத்த மாதக் கணக்கைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் செய்ததை ஊழியம் என்று சொல்ல மனம் வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று பதறுவேன். ஒருநாள் வள்ளியூர் பஸ்ஸில் ஒரு அம்மா, மகனுக்கு வேலை போய்விட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, எல்லாரும் பாவஞ்செய்தவர்கள் என்ற ரோமர் 3:23 வசனத்தைச் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாவுக்காக நான் பேசவில்லை. என் கையில் இருந்த பழியைக் கழுவிக்கொள்ளப் பேசினேன்.

என்னை அதிலிருந்து மீட்டவர் நாங்குநேரி பக்கம் ஒரு கிராமத்துச் சபையின் உபதேசியார். அப்போதே எழுபதை நெருங்கியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்போஸ்தலர் 18-ஐ வாசிக்கச் சொன்னார். கொரிந்துவில் சுவிசேஷம் சொல்லிவந்த பவுலை ஜெப ஆலயத்தில் எதிர்த்துத் தூஷிக்கிறார்கள், அவர் வஸ்திரத்தை உதறிவிட்டு வெளியேறுகிறார். ராத்திரியில் கர்த்தர் தரிசனமாகி, பயப்படாமல் பேசு, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்கிறார்.

"தம்பி, அந்த ஜனங்க இன்னும் கேட்கவே இல்ல. அதுக்கு முன்னாடியே 'எனக்கு உண்டு'ங்காரு ஆண்டவர். அதைக் கேட்டுட்டு பவுல் மூட்டையைக் கட்டினாரா? அடுத்த வசனத்தைப் படி" என்றார். ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கே தங்கி உபதேசித்தார் என்று இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த இரண்டு வசனங்கள்தான். தேவனுடைய தெரிந்துகொள்ளுதலைப் பேசாமல் இருப்பதற்குக் காரணமாக நாம் நினைக்கிறோம். அங்கே கர்த்தர் அதையே பேசுவதற்குக் காரணமாகக் கொடுக்கிறார். ரோமர் 9-ஐயும் எடுத்துப் பாருங்கள். தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அவ்வளவு கடினமாகப் பேசும் அதிகாரம் பவுலின் துக்கத்தோடும் இடைவிடாத மனவேதனையோடும் ஆரம்பிக்கிறது. 10-ஆம் அதிகாரத்தில் அதே மனுஷன், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று கேட்கிறார். முடிவைக் குறித்தவர் அதற்குப் போகும் வழியையும் குறித்திருக்கிறார், நம் வாயும் அந்த வழியில் ஒன்று.

இது சோம்பேறிகளின் உபதேசம் என்று சொல்பவர்கள் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பார்க்க வேண்டும். தெரிந்துகொள்ளுதலை உறுதியாக நம்பிய பாப்டிஸ்ட் கூட்டத்தைச் சேர்ந்தவர், செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அந்தக் கூட்டத்திலேயே சிலர், மனந்திரும்பாதவனை விசுவாசிக்கும்படி அழைப்பதே தவறு என்று எண்ணியிருந்தார்கள். அவருடைய நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785-இல் ஒரு புத்தகமே எழுதி அதை மறுத்தார். 1792 அக்டோபர் 2-ஆம் தேதி கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டில் கூடி மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று காணிக்கையாக ஒப்புக்கொண்டது 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். 1793 நவம்பரில் கேரி வங்காளத்தில் இறங்கினார். அடுத்த வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான், மனைவிக்குப் புத்தி பேதலித்தது. கிருஷ்ண பால் என்ற தச்சர் செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28. அவர்தான் கேரியின் ஊழியத்தில் வந்த முதல் வங்காளி. ஏழு வருஷம்! எங்கள் குழுவின் மாத நோட்டில் கேரிக்கு எத்தனை பூஜ்யம் விழுந்திருக்கும்? எண்ணிக்கையை நம்பிப் போயிருந்தால் அவர் அடுத்த கப்பலிலேயே திரும்பியிருப்பார்.

தெரிந்துகொள்ளுதலை இப்படி ஏற்றுக்கொள்ளாத வெஸ்லி வழிச் சகோதரர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். இந்த உபதேசத்தில் வெஸ்லியும் அதை நம்பிய பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டும் 1739-லிருந்தே மோதியவர்கள். இருவருமே வெட்டவெளியில் நின்று பிரசங்கித்தார்கள், ஒயிட்ஃபீல்டு 1770-இல் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவரும் வெஸ்லிதான். எசேக்கியேல் வசனத்தையும் நான் தள்ளவில்லை. அண்ணாச்சியிடம் பேசாமல் இருந்தது என் தப்பு, அதை ஆண்டவரிடம் அறிக்கை செய்திருக்கிறேன். "மதம் மாற்றுகிறாயா?" என்று கேட்க வருபவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பவுல் பேசியதைக் கேட்ட லீதியாளின் இருதயத்தைத் திறந்தது கர்த்தர் என்று நம்புகிறவனுக்கு ஆசை காட்டவோ பயமுறுத்தவோ அவசியமே இல்லை. சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த உபதேசியார் மூன்று கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் வந்தவர். கடைசி வருஷங்களில் அவர் இருந்த ஓட்டு வீடு மழைக்கு ஒழுகியது. சபைத் தேர்தல் வந்தால் கார் காராக வந்து இறங்கியவர்கள், வீட்டு ஓடு மாற்ற மனு கொடுத்தபோது ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு மட்டும் அத்தனை பேரும் மாலையோடு வந்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் பதினோரு வருஷமாகப் பேசிவருகிறேன். இன்னும் அவர் விசுவாசிக்கவில்லை. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி துணைக்கு நான் போயிருந்தேன். போன வாரம் டீக்கடையில் அவராகவே, "உங்க பைபிள்ல யோபுன்னு ஒருத்தர் கதை இருக்காமே, அதைச் சொல்லுங்க" என்றார். டீ ஆறும்வரை சொன்னேன். பாதிக்கதையில் போன் வந்து எழுந்து போய்விட்டார். மீதியைத் திங்கட்கிழமை கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.