பம்ப் மாற்றுமுன் ஏர்த் வயரைப் பாரும்

தம்பி, நீர் உப்புவெளி என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் திருகோணமலைதான், உவர்மலை. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து முப்பது வருசம் தாண்டிவிட்டது.

2004ஆம் ஆண்டுப் பிக்கப் ஒன்றை 3,500 டொலருக்கு வாங்கியிருக்கிறீர். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போகிறது, டாஷ்போர்ட் விளக்கு மங்குகிறது, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. ஒரு கராஜ்காரர் பெற்றோல் பம்ப் என்கிறார், மற்றவர் எஞ்சினை நடத்தும் கொம்பியூட்டர் என்கிறார். அதோடு காப்புறுதி எங்கே மலிவு, டெலிவரி வேலை கட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர். காப்புறுதிக்கு நாலு இடத்தில் விலை கேளும். வேலை கட்டுமா என்பதை உம்முடைய முதுகு சொல்லும். நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பம்புக்குக் காசு கொடுத்துவிடாதேயும். பம்ப் களைத்தால் எஞ்சின்தான் இழுக்காது, விளக்கு ஏன் மங்கவேண்டும்? விளக்கும் சேர்ந்து மங்கினால் மின்சாரம் எங்கோ விட்டுவிட்டு வருகிறது. நான் என்றால் முதலில் பற்றரி முனைகளையும், பற்றரி நெகற்றிவ்விலிருந்து எஞ்சினுக்கும் வண்டியின் இரும்பு உடம்புக்கும் போகிற ஏர்த் வயர்களையும்தான் பார்ப்பேன். ஊர்ப் பெயரிலேயே உவரையும் உப்பையும் வைத்திருக்கிற எங்களுக்கு, உப்பு இரும்பை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கே கடற்காற்றில் வருவதை இங்கே குளிர்காலம் முழுக்க றோட்டில் கொட்டுகிறார்கள். வயரின் உறை புதிதுபோல இருக்கும். கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து உதிரும்.

மலிவான மல்ரிமீற்றர் ஒன்று வாங்கும். ஒரு ஊசியை நெகற்றிவ் ஈயக் குமிழிலேயே வையும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்ல. மற்றதை எஞ்சினில் துரு இல்லாத இரும்பில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பி ஸ்ரார்ட் பண்ணச் சொல்லும். 0.2 வோல்ற் வரை பரவாயில்லை. அரை வோல்ற்றைத் தாண்டினால் கள்ளன் அகப்பட்டான். ஆனால் விட்டுவிட்டு வருகிற கோளாறு சோதிக்கிற நேரம் நல்ல பிள்ளையாய் நடிக்கும். அதனால் எஞ்சின் ஓடும்போது வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாரும். கையை பெல்ற்றுக்கும் விசிறிக்கும் கிட்டக் கொண்டுபோகாதேயும். அதிலும் ஒன்றும் அகப்படாவிட்டால் சாவி சுவிச், பியூஸ் பெட்டி என்று போகலாம்.

கொம்பியூட்டர் என்கிற கதையையும் நம்பாதேயும். மின்சாரம் குறைந்தால் அது தனக்கு இல்லாத வருத்தமெல்லாம் சொல்லும். கராஜ்காரர் அதை வாசித்து வாசித்து ஒவ்வொரு சென்சராக மாற்றுவார். "சேஃப்டி சேர்ட்டிபிக்கற் இருக்கு" என்று விற்றவர் சொல்லியிருப்பாரே? அந்தப் பத்திரம் பிரேக், ஸ்டியரிங் மாதிரி விசயங்கள் சோதித்த அன்றைக்குச் சரியாக இருந்தன என்பதற்கு மட்டும்தான். ஒன்ராறியோவில் 36 நாள்தான் செல்லும், உத்தரவாதம் இல்லை.

இதெல்லாம் நான் காசு கொடுத்துப் படித்த படிப்பு. வந்த முதல் குளிர்காலத்தில் ஊர்க்காரர் ஒருவரிடம் 900 டொலருக்கு ஒரு பிக்கப் வாங்கினேன். "எஞ்சின் தங்கம், தம்பி" என்றார். தங்கம் 401 நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவே விளக்கெல்லாம் அணைந்து நின்றது. "எங்கடை ஆள்" என்று ஒருவரிடம் கொண்டுபோனேன். பம்ப் மாற்றினார், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ற்றனேற்றர் மாற்றினார், 600 டொலர் போனது, வண்டி திரும்பவும் நின்றது. கடைசியில் ஒரு போர்த்துக்கேயக் கிழவர் பூஸ்ரர் கேபிள் ஒன்றைப் பற்றரி நெகற்றிவ்விலிருந்து நேரே எஞ்சினில் கவ்வவிட்டு, "இப்படியே ஓட்டு" என்றார். வீடு வரை ஒரு தடவைகூட மங்கவில்லை. புது வயர் 12 டொலர். அன்றிலிருந்து என் வண்டிக்கு என் கைதான் முதலில். லீசில் புது வண்டி எடுத்துக் கோயில் வாசலில் நிறுத்துகிற எங்கள் ஆட்கள் பொனற்றைத் திறக்கும் பிடி எங்கே என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

அந்தக் கிழவர் கேபிளைக் கவ்வவிட்டபோது எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம்தான் வந்தது. 2009இல் பாலம் திறக்குமுன் கிண்ணியாவுக்குப் பாதையில்தானே, வாகனங்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையில்தானே, போவோம்? ஒருநாள் நெல் மூட்டையோடு அவருடைய லொறி பாதையில் ஏறுகிற இடத்திலேயே செத்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பெரியப்பா தேநீர்க் கடையில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வாங்கிவந்து பற்றரி முனையில் ஊற்றினார். வெள்ளைப் பூ கரைந்து ஓடியது. கத்தியால் சுரண்டி, கிளாம்ப் ஆடியதால் சிகரெட் பெட்டிக்குள் இருந்த வெள்ளித்தாளை நாலாக மடித்துச் செருகி இறுக்கினார். லொறி ஸ்ரார்ட் ஆனது, ஆனால் பாதை போய்விட்டிருந்தது. அடுத்தது வரும்வரை எஞ்சினை அணைக்கவே இல்லை மனுசன்.