உயிர்த்தோழிக்கு நீச்சல் தெரியுமா?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு ஒன்பது வயது. சிறுவர் துப்பறியும் தொடர் ஒன்றைப் படிக்கிறாள். இதுவரை ஐந்து புத்தகங்கள் முடித்துவிட்டாள். கதாநாயகிக்கு ஓர் உயிர்த்தோழி உண்டு. முதல் புத்தகத்தில் அந்தத் தோழிக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். நான்காவதில் ஆற்றில் குதித்து நாய்க்குட்டியைக் காப்பாற்றுகிறாள், எங்கே நீச்சல் கற்றாள் என்று ஒரு வரி கிடையாது. மூன்றாவதில் கதாநாயகியின் ரகசியத்தை எதிரியிடம் சொல்லிவிடுகிறாள். நான்காவது தொடங்கும்போது இருவரும் ஒன்றுமே நடக்காததுபோலச் சைக்கிளில் போகிறார்கள். கண் நிறம்கூட இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி. என் மகள் இதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறாள். அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். "குழந்தைக் கதைதானே, விடும்மா" என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது அந்த நோட்டும் தீர்ந்துவிட்டது. குறை கண்டுபிடிக்கும் குணம் வளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆறாவது புத்தகத்தை வாங்கித் தரலாமா, இல்லை வேறு நல்ல தொடர் ஏதாவது சொல்வீர்களா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரோடு தொடரின் பெயரையும் எடுத்துவிட்டேன். அதை எழுதுகிறவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லப்போவதும் அவர் ஒருவரைப் பற்றி மட்டும் இல்லை.

முதலில் நோட்டு. அந்தப் படத்தை நாலைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் 'பயப்படுகிறாள்', வலப்பக்கம் 'பயப்படவில்லை'. ஒவ்வொன்றின் கீழும் புத்தக எண், பக்க எண். நான்காவது புத்தகத்துக்கு வந்ததும் வலப்பக்கத்தில் இடம் போதாமல் எழுத்து சிறுத்துப் போயிருக்கிறது. அடியில் சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு, 'இவள் யார்?'

இதைப் போய்க் குறை கண்டுபிடிக்கும் குணம் என்கிறீர்களே! 'குழந்தைக் கதைதானே' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தானே'வில்தான் எனக்குக் கோபம் வந்தது. பெரியவர்கள் படிக்கும் நாவலில் நூறாம் பக்கத்தில் செத்தவன் இருநூறாம் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் சும்மா விடுவோமா? நாம் ஒரு நாவலை ஒரு முறை படிப்போம், அதுவும் பலர் பாதிதான். குழந்தை பிடித்த புத்தகத்தைப் பத்து முறை படிக்கும். கூடப் படிக்கிறவரைத் திருத்தும், வரி விட்டால் பிடித்துக்கொள்ளும். இதில் யாரை ஏமாற்றுவது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள். சிறுவர் கதை எழுதுகிறவர்களிலும் சிலருக்கு இந்தத் 'தானே' உண்டு. மூன்றாவது புத்தகத்தை எழுதும் முன் முதல் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்காத சோம்பலுக்கு அதுதான் சப்பைக்கட்டு. பதிப்பகத்தில் அதைப் படித்துப் பார்க்கவேண்டியவருக்கும் அதே 'தானே'. நீங்கள் அப்பா. உங்களுக்கும் எதற்கு அது?

சரி, கண் நிறம். அதை விட்டுவிடுங்கள். நீச்சலையும் விட்டுவிடலாம். இலக்கியத்தின் மிகப் பிரபலமான உயிர்த்தோழன், துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸின் கூட்டாளி டாக்டர் வாட்சன். 1887இல் வந்த முதல் நாவலில் போரில் குண்டு பாய்ந்தது அவர் தோளில். 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. அவர் பெயர் ஜான். 1891இல் வந்த ஒரு சிறுகதையில் அவருடைய மனைவியே அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். இவற்றை எழுதிய கானன் டாயல் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, வாசகர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜான் எச். வாட்சன் என்பதில் வரும் அந்த எச், ஹேமிஷ். அது ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம். ஆகவே மனைவி கூப்பிட்டது சரிதான் என்று டோரதி சேயர்ஸ் ஒரு விளக்கம் கொடுத்தார். அவரும் துப்பறியும் கதை எழுதியவர், சும்மா இருப்பாரா? தோளோ காலோ, வாட்சன் வாட்சனாகத்தான் இருக்கிறார். நள்ளிரவில் ஹோம்ஸ் கூப்பிட்டால் கிளம்பிவிடுகிறார். அது மாறாதவரை காயம் எங்கே இருந்தால் என்ன?

சில தொடர்களில் தோழியே காணாமல் போய்விடுவாள். நான்சி ட்ரூ என்கிற துப்பறியும் பெண்ணின் அமெரிக்கத் தொடர் 1930இல் தொடங்கியபோது அவளுடைய தோழி ஹெலன் கார்னிங். 1931இல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் பெஸ், ஜார்ஜ் என்று ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவர் வந்தார்கள். நான்சியின் பக்கத்து இடம் அதற்குப் பிறகு அவர்களுடையது. நடுவில் சண்டை இல்லை, கடிதம் இல்லை, ஊர் மாறிப் போனதாகக்கூட இல்லை. அட்டையில் ஆசிரியராக இருந்த கரோலின் கீன் என்கிற பெயரில் அப்படி ஓர் ஆளே கிடையாது. ஒரு நிறுவனம் கதைச் சுருக்கம் தயாரித்துக் கொடுக்கும், பெயர் தெரியாத எழுத்தாளர்கள் அதைப் புத்தகமாக்குவார்கள். முதல் முப்பதில் 23 புத்தகங்களை எழுதிய மில்ட்ரெட் வர்ட்டின் பெயர் பல வருடங்கள் வெளியே தெரியாது. எழுதியவருக்கே அந்தக் கதி என்றால் ஹெலனுக்கு யார் அழுவார்கள்?

ஆனால் உங்கள் மகளின் சிவப்பு மை எனக்குச் சொல்வது மூன்றாவது புத்தகத்தைப் பற்றி. ரகசியத்தைச் சொன்னது. அதை விட முடியாது.

நண்பன் காட்டிக்கொடுக்கலாம், கைவிடலாம். ஹாரி பாட்டரின் ரான் இரண்டு முறை விலகிப் போகிறான். 2000இல் வந்த நான்காவது புத்தகத்தில் ஹாரியோடு பேச்சை நிறுத்துகிறான். 2007இல் வந்த ஏழாவதில் கூடாரத்தை விட்டே போய்விடுகிறான். இது முரண் என்று எந்தக் குழந்தையும் நோட்டில் எழுதாது. ஏனென்றால் முதல் புத்தகத்திலேயே, மனதின் ஆசையைக் காட்டும் கண்ணாடியின் முன்னால், ரான் தன்னைத் தனியாகப் பார்க்கிறான். கையில் கோப்பை, சட்டையில் மாணவர் தலைவன் பேட்ஜ், பக்கத்தில் அண்ணன்மார் ஒருவர்கூட இல்லை. ஐந்து அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்து, அவர்கள் பயன்படுத்திய மந்திரக்கோலும் எலியும் கைக்கு வந்து சேர்ந்தவன். அப்புறம் வாய்த்த சிநேகிதனோ உலகமே தெரிந்துவைத்திருக்கும் ஆள். அவன் ஒருநாள் வெடிப்பான் என்று நமக்குத் தெரியும். திரும்பி வரும்போதும் சும்மா வருவதில்லை. அவனுடைய பொறாமையையே குரலாக்கிப் பேசுகிற ஒரு பதக்கத்தைத் தன் கையாலேயே உடைக்க வேண்டியிருக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் கணக்கு இருக்கிறது.

கணக்கு இல்லாத இடம் வேறு. மார்க் ட்வெய்னின் டாம் சாயர் 1876இல் வந்த தன் புத்தகத்தில், பயந்து நடுங்கிக்கொண்டே கோர்ட்டில் எழுந்து சாட்சி சொல்லி, செய்யாத கொலைக்குத் தூக்கில் தொங்க இருந்த மஃப் பாட்டரைக் காப்பாற்றுகிறான். அதே டாம் எட்டு வருடம் கழித்து தன் சிநேகிதன் ஹக்கின் புத்தகத்தில், அடிமையாக இருந்த ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது தெரிந்தும் சொல்லாமல், அவனைப் பூட்டிய குடிசையில் வைத்து வாரக்கணக்கில் தப்பித்தல் விளையாட்டு ஆடுகிறான். ஜிம் பிடிபடும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மிச்சம் ஏமாற்று என்று நாவலாசிரியர் ஹெமிங்வே 1935இல் எழுதினார். நான் பல காலம் அவர் கட்சி. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. முதல் புத்தகத்தில் டாம் கதாநாயகன், ஆசிரியர் அவன் தோளில் கைபோட்டு நடக்கிறார். இரண்டாவதில் கதை ஹக்கின் வாயில் இருக்கிறது, டாம் வெறும் சிநேகிதன். வெறும் சிநேகிதன் ஆன அன்றே அவனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

நான் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் விஷயம் இதுதான், நண்பர்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள். தொடர்கதையில் கதாநாயகனுக்கு மனசு இருக்கும், உயிர்த்தோழனுக்கு வேலைகள் மட்டும் இருக்கும். இருட்டில் அலற ஓர் ஆள் வேண்டுமா, அவன். கதாநாயகன் தனியாக நிற்க வேண்டுமா, அவன் கோபித்துக்கொள்வான். ஆற்றில் யாராவது குதிக்க வேண்டுமா, குதிப்பான். ஐந்து புத்தகத்தில் ஐந்து வேலை, ஆகவே ஐந்து ஆள். உங்கள் மகளின் தொடரிலும் அடுத்த புத்தகத்துக்கு அந்தத் தோழி வேண்டும் என்பதால் மன்னிப்பு ஆசிரியரின் மேசையிலேயே முடிந்துபோய்விட்டது. பக்கத்துக்கு வரவில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் இதைச் செய்தேன்.

எழுத ஆரம்பித்த காலத்தில் சிறுவர் பத்திரிகை ஒன்றில் ஐந்து கதைகள் எழுதினேன். கதை சொல்பவன் நான், உயிர்த்தோழன் என் பள்ளிச் சிநேகிதன். முதல் கதையில் நாங்கள் உயிரியல் ஆய்வகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறோம். மூலையில் எலும்புக்கூடு ஒன்று கொக்கியில் தொங்கும். அதைப் பார்த்ததும் அவன் அலறிக்கொண்டு ஓடுகிறான், நான் போய் அதன் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். உண்மையில் நடந்தது வேறு. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன்தான் உள்ளே போனான், குலுக்கினான், திரும்பி "வாடா, ஒண்ணும் பண்ணாது" என்றான். நான் போகவில்லை.

நான்காவது கதையில் என்னை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வேலி தாண்டி இருட்டில் ஓடி யாரையாவது கூட்டி வரவேண்டும். வெளியே இருந்தவன் அவன், ஆகவே அவன் ஓடினான். முதல் கதையில் பயந்தாங்கொள்ளி, நான்காவதில் சூரன். நடுவே ஒரு வரி விளக்கம் கிடையாது. எழுதும்போது எனக்கு உறைக்கவும் இல்லை. பத்திரிகையிலும் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் மகள் மாதிரி ஒரு நோட்டுக்காரி இருந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

பல வருடம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தபோது, வெட்டி ஒட்டி வைத்திருந்த அந்தப் பக்கங்கள் கண்ணில் பட்டுவிட்டன. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஐந்தையும் ஒரே மூச்சில் படித்தான். எலும்புக்கூட்டைப் பற்றிக் கேட்பான் என்று பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். கதைக்காக மாற்றினேன், பாத்திரம் வேறு ஆள் வேறு, இத்யாதி.

அவன் கேட்டது இது. "கை குலுக்கினது நீன்னே இருக்கட்டும். நான் எல்லாக் கதையிலும் வலது கையால எழுதறேனே, அது எதுக்குடா?"

அவன் இடது கைக்காரன். ஒரு வருடம் முழுக்க வாத்தியார் ஸ்கேலால் புறங்கையில் அடித்தும் அந்தக் கையை விடாதவன். ஒரே பெஞ்சில் எனக்கு வலப்பக்கம் உட்காருவான். எழுதும்போது என் முழங்கையும் அவன் முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும், என் நோட்டில் பாதி வரிகள் கோணல். தினமும் இடித்த கை. அதை எப்படி மறந்தேன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சிரித்து மழுப்பினேன். அவனும் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மேலே கண் நிறத்தை விட்டுவிடச் சொன்னேன் அல்லவா? எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் இப்போது அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கண் நிறத்துக்கும் உங்கள் மகள் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறாள், பக்க எண்ணோடு.

நீங்கள் ஏதோ கேட்டிருந்தீர்கள். ஆமாம், ஆறாவது புத்தகம். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். 'நல்ல தொடர்' எதையும் நான் சிபாரிசு செய்யப்போவதில்லை, அவள் அந்தத் தோழியை விட்டு வரமாட்டாள். ஒன்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது புத்தகம் முடிந்து நான்காவது தொடங்குவதற்குள் ஒருநாள் அந்தத் தோழி சைக்கிளை உருட்டிக்கொண்டு கதாநாயகியின் வாசலில் வந்து நின்றிருப்பாள். அப்போது என்ன பேசிக்கொண்டார்கள்? அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், நோட்டு தீர்ந்துவிட்டது என்றீர்களே. இந்த முறை இருநூறு பக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்.