பிறை எந்தத் திசையில் தெரியும்?

கேள்வி: ஃபேண்டஸி நாவல் ஒன்று எழுதுகிறேன். அதில் நானே உருவாக்கிய நிலவுத் தெய்வம் ஒருத்தி வருகிறாள். வெள்ளிக் கவசம், வெள்ளைத் தாமரை, பௌர்ணமி பூசை எல்லாம் எழுதிவிட்டேன். படித்த தோழி, "கோயில் அழகா இருக்கு, உள்ளே சாமி இருக்கிற மாதிரி தெரியலை" என்கிறாள். என்ன குறை?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தோழி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். பௌர்ணமிக்குப் பூசை வைத்தீர்கள், சரி. மற்ற நாட்களில் அந்த ஊர்க்காரர்களுக்கு அவளிடம் என்ன வேலை?

என் தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். நிலாக் காலம் வந்தால் அவர் முகமே வாடிவிடும். "வெளிச்சத்துல மீனு வலையப் பார்த்துடும்டி" என்பார். இருட்டுக் காலத்தில்தான் பாடு நன்றாக இருக்கும். நிலா காயும் இரவுகளில் மணலில் வலையை விரித்து, கால் கட்டைவிரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் தைப்பார். நைலான் இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். இதைத்தான் மீனும் பார்க்கிறது என்று அன்று எனக்குப் புரிந்தது.

உங்கள் உலகத்திலும் ஒரு வலைக்காரரைக் கொண்டுவாருங்கள். இரவில் வண்டி கட்டிப் போகும் உப்பு வியாபாரி "தாயே, முகம் காட்டு" என்று வேண்டும்போது, வலைக்காரர் "தாயே, இன்று ஒரு ராத்திரி முக்காடு போட்டுக்கொள்" என்று வேண்டட்டும். ஒரே தெய்வத்திடம் இரண்டு பேரும் எதிரெதிராகக் கேட்கும்போது அவளுக்கு உயிர் வந்துவிடும்.

அப்புறம், வானத்தைப் பாருங்கள். என் முதல் கதையில் நாயகி நள்ளிரவில் கிழக்கே மூன்றாம் பிறையைப் பார்த்துக் கும்பிடுவாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: "அந்தப் பிறை மாலையில் மேற்கே தெரிந்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் மறைந்திருக்குமே அம்மா." அவர் சொன்னது முழுக்கச் சரி. முழுநிலா சூரியன் மறையும்போது உதிக்கிறது. அதற்குப் பிறகு சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே பிறையைத் தொழும் கோயிலுக்கு வாசல் மேற்கே இருக்க வேண்டும். விளக்கேற்றுவதற்கு முன்னால் பூசாரி கூரை மேல் ஏறி நிற்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் அன்றைக்கு என்ன செய்வார்கள்? அதை எழுதுங்கள், ஒரு அத்தியாயமே கிடைக்கும்.

கணக்கும் முக்கியம். நமக்குப் பிறைக்குப் பிறை ஏறக்குறைய 29½ நாள். பன்னிரண்டு சுற்றுக்கு 354 நாள்தான் ஆகிறது, ஆண்டுக்குச் சுமார் 11 நாள் குறைகிறது. அதனால்தான் ரம்ஜான் ஒவ்வொரு ஆண்டும் முன்னால் நகர்ந்து வருகிறது. உங்கள் தெய்வத்தின் திருவிழாவும் இப்படி நகருமா, அறுவடையோடு ஒட்டியே நிற்குமா? முதலில் முடிவு செய்யுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. அதன் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் செலூனே என்ற நிலவுத் தெய்வம் உண்டு. அந்த உலகத்தை உருவாக்கியவர் கனடாக்காரரான எட் கிரீன்வுட். 1987-இல் அது அந்த விளையாட்டின் உலகமாக வெளிவந்தது. அங்கே நிலா 30 நாளும் பத்தரை மணி நேரமும் எடுத்துச் சுற்றுகிறது, பன்னிரண்டு சுற்றில் ஆண்டு முடிந்துவிடுகிறது. நிலாவின் பின்னாலேயே ஒளிப்பொட்டுகள் வரிசையாகத் தொடரும். மக்கள் அவற்றை 'செலூனேயின் கண்ணீர்' என்கிறார்கள். இருளின் தெய்வமான ஷார் அவளுடைய இரட்டைச் சகோதரி, பகையாளியும்கூட. எனக்கு மிகவும் பிடித்தது வழிபாடுதான். திறந்த வானத்தின் கீழ் ஆடிப் பாடி, பலிபீடத்தில் பாலும் மதுவும் ஊற்றுகிறார்கள். பௌர்ணமியில் மட்டுமல்ல, அமாவாசையிலும் ஊற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நாளிலும் அவளுக்குப் படையல் உண்டு. உங்கள் கோயிலில் இல்லாதது அந்த அமாவாசைதான்.

கேள்வி: நம் ஊரில் சந்திரன் ஆண். பெண் தெய்வமாக எழுதினால் ஒட்டுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாக ஒட்டும். சந்திரன் என்றால் ஆண்தான், ஆனால் 'நிலா' என்று பெண் குழந்தைக்குத்தானே பெயர் வைக்கிறோம்? கிரேக்கர்களுக்கு செலினி பெண். ஜப்பானில் சுக்குயோமியை ஆணாகச் சொல்வது வழக்கம். பழைய சுமேரியாவில் (இன்றைய ஈராக்) 'ஊர்' என்றே பெயர் கொண்ட நகரத்தில் நிலவு நன்னா என்ற ஆண் தெய்வம். ஏறக்குறைய 4,300 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரியாக இருந்தவர் ஒரு பெண், அரசர் சர்கோனின் மகள் என்ஹெடுவன்னா. அவர் உருவம் செதுக்கிய வட்டமான வெள்ளைக் கல் ஒன்று பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுக்கடுக்கான ஆடையோடு நிற்கிறார், முன்னால் ஒருவர் நீர்மம் வார்க்கிறார். உங்கள் பூசாரிக்கு உடை எழுதுவதற்கு முன் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.