காலில் சுற்றும் துணிக்கு ஒரு கொக்கி

அன்புள்ள சார்,

லீட்ஸில் வேலை பார்க்கிறேன். யார்க் நகரத்தில் பிப்ரவரியில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைகிங்குகளின் பெயரில் நடக்கும் திருவிழாவைப் பார்க்கப்போய், இப்போது நானே வைகிங் வேடம் கட்டும் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டேன். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றும் கம்பளிப் பட்டைதான் தொல்லை. அதன் முனையை மாட்ட ஓநாய் முகமும் சங்கிலியும் வைத்த பித்தளைக் கொக்கி வாங்கினேன். அரைநாள் நடப்பதற்குள் நிமிர்ந்துவிடுகிறது. நானே செய்யலாமென்று இருக்கிறேன். பித்தளையா, இரும்பா? குழுவில் மூத்தவர் ஒருவர் ‘வைகிங்குகள் காலில் கொக்கியே போட்டதில்லை’ என்கிறார். அது உண்மையா?

ர., லீட்ஸ்

அன்புள்ள ர.,

உங்கள் மூத்தவர் பாதி சரி. காலில் சுற்றியதாகக் கருதப்படும் பட்டைத் துணிகள் ஹெடெபி துறைமுகத்தில் கிடைத்திருக்கின்றன. அன்று டென்மார்க்கைச் சேர்ந்திருந்த ஊர், இன்று ஜெர்மனியின் வடகோடியில் இருக்கிறது. கிழிந்த பிறகு கப்பலுக்குத் தார் பூசும் கந்தையாகிப்போனதால்தான் அந்தத் துணிகள் மட்காமல் தப்பின. சாய்வரி நெசவுக் கம்பளி, அகலம் ஏறக்குறைய பத்து செ.மீ. ஆனால் ‘இதோ பட்டை, இதோ அதன் கொக்கி’ என்று இரண்டையும் சேர்த்துக் காட்டும் சான்று ஸ்காண்டிநேவியாவில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஸ்வீடனின் பிர்கா கல்லறைகளில் கால்பக்கம் சிறு கொக்கிகள் கிடைத்தது உண்மை. அவற்றை நீளக் காலுறையைக் கால்சட்டையோடு மாட்டியவை என்றுதான் விளக்குகிறார்கள்.

கொக்கிக்கு நல்ல சான்று இங்கிலாந்தில், அதுவும் வைகிங்குகள் வருமுன்பே அங்கே வாழ்ந்த ஆங்கிலோ-சாக்ஸன் மக்கள் பக்கம் இருக்கிறது. வின்செஸ்டர் கதீட்ரலை ஒட்டிய இடுகாட்டில் ஓர் எலும்புக்கூட்டின் முழங்கால் அருகே ஒரு ஜோடி வெள்ளிக் கொக்கிகள் கிடைத்தன. சின்னத் தகடு, அகன்ற முனையில் தைக்க இரண்டு துளை, குறுகிய முனையில் வளைந்த கொக்கி. அவ்வளவுதான். இந்த வகை இங்கிலாந்து முழுக்கக் கிடைக்கிறது, யார்க்கிலும்தான். காலுக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. லிங்கன்ஷரில் டெட்னி என்ற ஊரில் வெள்ளிக்காசுப் புதையலோடு இரண்டு கிடைத்தன, காசு கட்டிய பையின் வாயை மூட உதவியிருக்கலாம். 866இல் டேனிய வைகிங்குகள் பிடித்த யார்க்கில் அவர்களும் ஆங்கிலோ-சாக்ஸன்களும் கலந்தே வாழ்ந்தார்கள். ஆகவே நீங்கள் யார்க்வாசி வேடம் போட்டால் அந்தத் தகட்டுக் கொக்கியைத் தாராளமாக அணியலாம். ஓநாய் முகமும் சங்கிலியும் இன்றைய கடைக்காரரின் கற்பனை.

அப்புறம், கொக்கி நிமிர்வதற்குக் கொக்கி மட்டும் காரணமில்லை. பாரத்தைத் தாங்க வேண்டியது துணிதான். சுளுக்குக்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றுவதுபோல, முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி, துணியை லேசாக இழுத்துச் சுற்றுங்கள். நடக்க நடக்க ஆடுசதை உப்பும், அதற்கு இடம் விடுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சதை குறுகும் இடத்தில் முடித்து, துணியின் கடைசி முனையான வாலை மேல்சுற்றுக்குள் செருகினால் கொக்கி இல்லாமலே நிற்கும். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் காலாட்படை இப்படிக் கீழிருந்து மேலே சுற்றியது. குதிரைப்படை மேலிருந்து கீழே சுற்றிக் கணுக்காலில் முடித்தது. இரண்டையும் முயன்று பாருங்கள். கொக்கியின் வேலை வால் நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

செய்முறைக்கு வருகிறேன். ஒரு மி.மீ. பித்தளைத் தகடு போதும், ஆனால் எந்தப் பித்தளை என்று கேட்டு வாங்குங்கள். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் உள்ளது வளைக்க ஏற்றது. கடைசல் வேலைக்கென்று ஈயம் கலந்து விற்பது வளைக்கும்போதே விரிசல் விடும். இரண்டரை செ.மீ. நீளத்துக்கு முக்கோணமாக வெட்டி, குறுகிய முனையில் ஒரு நாக்கு விடுங்கள். நாக்கைப் பக்கவாட்டிலிருந்து தட்டித் தடிப்பாக்குங்கள். கடைக் கொக்கிகள் தோற்பது இங்கேதான். தட்டையான நாக்கை அப்படியே வளைத்துவிடுகிறார்கள், அது சீக்கிரம் நிமிர்ந்துவிடுகிறது. சதுரக் கம்பிபோல ஆக்கி வளைத்தால் நிற்கும்.

தட்டத் தட்டப் பித்தளை இறுகும். இறுகியதைத் தொடர்ந்து தட்டினால் உடையும். இருட்டான இடத்தில் வைத்து, மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடாக்கி, முழுக்க ஆறவிட்டுப் பிறகு தொடருங்கள். சூட்டோடு வளைக்காதீர்கள், சில பித்தளைகள் அந்தச் சூட்டில் நொறுங்கும். உருகும் அளவுக்கும் போகாதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும். துளை போடுவது, வட்டத்துக்குள் புள்ளியாக அலங்காரம் பொறிப்பது (அந்தக் காலத்துக்கு நன்றாகப் பொருந்தும்) எல்லாவற்றையும் வளைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசியாக ஒரு ஆணியின்மேல் வைத்து நாக்கை வளைத்தபிறகு மீண்டும் சூடாக்கக் கூடாது. வளைவின்மேல் லேசாகச் சில தட்டு தட்டினால் போதும், ஸ்பிரிங் தன்மை வரும்.

கொக்கியின் நுனி ஊசிபோல இருந்தால் நூலை அறுக்கும், அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். தையல் துளையின் விளிம்பையும் உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். பலரும் விடுவது இதைத்தான். கொக்கி நன்றாக இருக்கும், துளை விளிம்பு தையல் நூலை அறுத்துவிட, கொக்கி புல்லில் காணாமல் போகும். மெழுகு தேய்த்த லினன் நூலால், கொக்கி துணியின் முனைக்கு வெளியே நீட்டியபடி தையுங்கள். வளைவு உள்பக்கம், காலைப் பார்த்து இருக்கவேண்டும். துணி பின்வாங்கும்போது அது அடிச்சுற்றைக் கவ்விக்கொள்ளும்.

இரும்பிலும் செய்யலாம், தவறில்லை. ஆனால் யார்க்ஷர் மழையில் ஒரு முகாம் முடிவதற்குள் கம்பளியில் துருக்கறை ஏறிவிடும். எண்ணெய் தடவிப் பராமரிக்கப் பொறுமை இருந்தால் மட்டும் இரும்பு, இல்லையென்றால் பித்தளை.